மாதா நின்ற வாசல்

ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் ஒன்றரைக்கு எடுப்பதாகச் சொன்ன ராமேஸ்வரம் பஸ், ஒன்று நாற்பதுக்குத்தான் நகர்ந்தது. தங்கச்சிமடத்துக்குக் கட்டணம் நாற்பத்தைந்து ரூபாய். தூரம் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். என் பையில் தண்ணீர் பாட்டில் ஒன்று, சர்க்கரை மாத்திரை நான்கு, குடை ஒன்று, செபமாலை இரண்டு. ஒன்று அறுந்துபோனால் என்ன செய்வது? எழுபத்து நான்கு வயதில் எதற்கும் ஒரு மாற்று வேண்டியிருக்கிறது.

அக்டோபர் செபமாலை மாதம்; மறைபரப்பு ஞாயிறும் அதில்தான் வருகிறது. எங்கள் ராமநாதபுரம் பங்கின் கிளைக் கிராமம் ஒன்று நயினார்கோவிலுக்கு அப்பால், வயல்களுக்கு நடுவே இருக்கிறது. கத்தோலிக்கக் குடும்பங்கள் ஐந்து. முன்னின்று செபமாலை சொல்ல ஆளில்லாமல் சிற்றாலயம் பூட்டிக் கிடக்கிறது. கடற்கரைப் பங்கிலிருந்து சிலர் வந்து ஒரு வாரம் தங்கிச் செபித்தால் அந்தக் கதவு திறக்கும் என்று எங்கள் பங்குத்தந்தை நம்புகிறார். மறைபரப்புக் குழுவில் மூத்தவன் என்பதால் கேட்டுவர என்னை அனுப்பினார்.

மண்டபத்தைத் தாண்டிப் பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியது. பலமுறை வந்தவன்தான், ஆனாலும் ஒவ்வொரு முறையும் தலை இரண்டு பக்கமும் திரும்பிவிடுகிறது. ஒரு பக்கம் வாடைக்காற்றில் நுரைத்துக் குதிக்கும் கடல். மறுபக்கம் இஸ்திரி போட்ட துணிபோலக் கிடக்கும் கடல். நடுவில் நாங்கள். ஓட்டுநர் ஒரு கையால் ஓட்டியதை மட்டும் நான் ரசிக்கவில்லை.

மூன்றேகால் மணிக்குத் தங்கச்சிமடம். கடற்கரைக் கிராமத்துக்கு ஆட்டோ நூற்றிருபது ரூபாய் என்றார் ஓட்டுநர்.

"நாலு கிலோமீட்டர்தானே?"

"ரோட்டுக்கு நாலுதான் அய்யா. கடைசி அரைக் கிலோமீட்டர் மணலு. அதுக்குத்தான் பாதிக் காசு."

மணலில் ஆட்டோ இருமுறை புதைந்தது. இருமுறையும் நான் இறங்கித் தள்ளினேன். காசைக் குறைக்கவில்லை.

ஐந்து மணிக்கு ஆலயத்தில் பேசினேன். எண்பது பேருக்குக் குறையாது. மரியாள் உறவுக்காரிக்கு உதவ மலைநாட்டுக்கு விரைந்து போனதைச் சொன்னேன். கருவில் இயேசுவைச் சுமந்துகொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பியவளே முதல் மறைபரப்பாளர் என்றேன். அந்த ஐந்து குடும்பங்களைப் பற்றியும் சொன்னேன். எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை.

"அய்யா, கடல் சத்தம் இல்லாட்டி எங்களுக்கு ஒறக்கம் வராதே!" என்றாள் ஒருத்தி. சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்துவைத்தேன்.

ஆறரைக்கு மாதா பவனி. இங்கே இந்த மாதத்தில் தினமும் ஒரு வீட்டுக்கு மாதா சுரூபம் போய் ஓர் இரவு தங்கும். அன்று செல்வமேரி வீட்டு முறை. நாற்பது வயதிருக்கும், கணவர் கேரளப் பக்கம் மாதக்கணக்கில் தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போயிருக்கிறார். வாசல் தெளித்துக் கோலமிட்டு, உள்ளே மேசையில் வெள்ளைத்துணி விரித்திருந்தாள். மாதா வாசலுக்கு வந்ததும் சுரூபத்தை ஒரு முக்காலியில் இறக்கினார்கள். பிறகு யாரும் அசையவில்லை.

களைத்துவிட்டார்கள் என்று நினைத்து நான் தூக்கப் போனேன். பவனியை நடத்திவந்த ஆலய உபதேசியார் என் கையைப் பிடித்தார்.

"நீங்க தொடக்கூடாது அய்யா. உங்களுக்கும் செல்வமேரிக்கும் சண்டையா என்ன?"

பிறகு விளக்கினார். ஒரு வீட்டுக்கு யாரோடு பேச்சு வார்த்தை இல்லையோ, அவர்தான் மாதாவைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். அவரை வீட்டுக்காரர்தான் நேரில் போய் அழைக்க வேண்டும். அவர் வராவிட்டால் மாதா அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். வலை பங்கு பிரித்ததில் செல்வமேரியின் கணவருக்கும் அவர் தம்பி ஆரோக்கியத்துக்கும் சண்டை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். மூன்று அக்டோபராக மாதா இந்த வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். மூன்று வருடமும் அழைக்கப் போக மறுத்தவர் செல்வமேரியின் கணவர்.

செல்வமேரி சேலைத் தலைப்பால் முக்காடிட்டாள். பக்கத்து வாசலுக்குப் போய் நின்றாள். ஆறடி தூரம் இருக்கும். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"மாதா நிக்கிறாக" என்றாள். அவ்வளவுதான்.

டிவி நின்றது. யாரும் வரவில்லை. மெழுகுதிரி உருகி ஒரு சிறுமியின் விரலில் சொட்டியது. அவள்கூடச் சத்தம் போடவில்லை. திரும்பிப் போகும் மாதாவை நான் மனத்துக்குள் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

அப்போது தண்ணீர் ஊற்றிக் கை கழுவும் சத்தம் கேட்டது. ஆரோக்கியம் ஈரக்கையைச் சட்டையில் துடைத்தபடி வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. குனிந்து மாதாவைத் தூக்கி, நிலைப்படியில் தலை இடிக்காமல் மெல்லச் சாய்த்து, அண்ணன் வீட்டுக்குள் போனார். பின்னாலேயே அவர் மனைவி. எனக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனையோ பெரிய திருத்தலங்களுக்குப் போயிருக்கிறேன், இப்படிச் சிலிர்த்ததில்லை.

செபமாலை தொடங்கியது. 'அருள் நிறைந்த மரியே' என்று வீட்டுக்காரி முதல் பாதியைச் சொல்ல, மாதாவைச் சுமந்தவர் முன்னின்று மறுபாதியைச் சொல்ல வேண்டும். அதுவும் வழக்கம்தான். அவள் ஒன்று சொன்னாள். அவர் பதில் சொன்னார். ஒரே அறையில் ஐம்பத்து மூன்று முறை. மூன்றாம் மறையுண்மையின் பத்து மணிகளில் அவள் குரல் உடைந்தது. அவள் விட்ட பாதியை ஆரோக்கியமே எடுத்துச் சொன்னார்; அவர் மனைவி மறுபாதிக்கு வந்தாள்.

முடிந்ததும் ஆரோக்கியம் தொண்டையைச் செருமினார்.

"மதினி, தண்ணி குடுங்க. தொண்ட காஞ்சுபோச்சு."

"மூணு வருசமாக் காஞ்சது இப்பத்தான் தெரிஞ்சுச்சாக்கும்!"

வீடே சிரித்தது. செல்வமேரி தண்ணீர் எடுக்கப் போனவள், நெடுநேரம் கழித்துத்தான் வந்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் செல்வமேரியும் ஆரோக்கியத்தின் மனைவியும், இரவு நான் தங்கியிருந்த அந்த ஊர்ப் பங்குத்தந்தையின் இல்லத்துக்கு வந்தார்கள். "அந்த அஞ்சு வீட்டுக்கு நாங்க ரெண்டு பேரும் வாரோம் அய்யா. பஸ் எங்கன ஏறணும்னு மட்டும் சொல்லுங்க."

எங்கள் ஊரிலும் மாதா வீடு வீடாகப் போகிறார், தெரு வரிசைப்படி, காரில். எந்த வாசலிலும் அவர் இப்படிக் காத்து நின்றதில்லை. யாரும் எவரையும் போய் அழைத்ததில்லை. வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

திரும்பும் பஸ்ஸில் பாம்பன் பாலம் வரை இதையே யோசித்தேன். எத்தனை பேர் பெயர் கொடுத்தார்கள் என்று எங்கள் பங்குத்தந்தை கேட்பார். இரண்டு என்பேன். இவ்வளவு தூரம் போய் இரண்டுதானா என்பார். வரும் சனிக்கிழமை அவர்கள் இறங்கும்போது அவரைப் பேருந்து நிலையத்துக்கே அழைத்துப்போய்விட வேண்டும். அந்த இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வருவதை அவரே பார்க்கட்டும்.