அமெரிக்கா வாக்கெண்ணிய கிழமையில் கார் பழக்கினேன்

கார் பழக்குகிறவரின் கையில் ஸ்டியரிங் இல்லை, காலடியில் ஒரு பிரேக் மட்டும்தான். மனைவிக்கோ மகனுக்கோ கார் பழக்கிய யாருக்கும் இந்தச் சீட்டின் அவஸ்தையை நான் விளக்க வேண்டியதில்லை. சிட்னியின் மேற்குப் பக்கத்தில், டூங்காபி, பெண்டில் ஹில் என்று எல் போர்டு மாட்டிக்கொண்டு நான் சுற்றாத தெரு கிடையாது. ஆனால் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் எண்ணி முடியாமல் இழுபட்ட அந்தக் கிழமை மாதிரி ஒன்றை நான் கண்டதில்லை. காரில் ஏறிய ஒருவருக்கும் கண் ரோட்டில் இல்லை.

முந்தினால் போதாது

புதன்கிழமை காலையில் சித்ரா வந்தாள். சென்னைப் பெண், ஐடி வேலை. அவளுடைய தங்கை டெக்ஸாஸில் இருக்கிறாள். பழக்கும்போது நான் ரேடியோ போடுவதில்லை. "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அக்கா, ப்ளீஸ்" என்று கெஞ்சினாள். போட்டேன். நாடு முழுக்க யாருக்கு எவ்வளவு வாக்கு என்று ஒரு குரல் வாசித்துக்கொண்டிருந்தது.

"கூட எடுத்தவர்தானே ஜனாதிபதி? இதுக்கு ஏன் இவ்வளவு பதட்டம்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. சித்ராவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இல்லக்கா, மொத்த ஓட்டை வச்சு அங்க முடிவு பண்றதில்ல. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க இத்தனை தேர்வாளர்னு ஒரு கணக்கு. அந்த மாநிலத்து எம்பிக்கள் எத்தனை பேரோ, அதோட செனட்டர் ரெண்டு பேர். தலைநகரத்துக்கு மூணு. எல்லாம் சேர்த்தா ஐநூத்தி முப்பத்தெட்டு. இருநூத்தி எழுபதைத் தொடுறவர்தான் ஜெயிச்சவர். நாடு முழுக்க ஜாஸ்தி ஓட்டு வாங்கினவரே தோத்திருக்கார்" என்று சொல்லிக்கொண்டே, வழிவிட வேண்டிய சந்தியில் நிற்காமல் நேரே போனாள்.

வலப்பக்கம் ஒரு குப்பை லொறி. என் காலுக்கு அவ்வளவு பலம் இருக்கிறதென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கார் குலுங்கி நின்றது, லொறிக்காரர் ஹோர்ன் அடித்துத் தீர்த்துவிட்டுப் போனார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சித்ரா சொன்னாள்: "சாரிக்கா, பென்சில்வேனியா ஓட்டு எண்ணிக்கையில இருந்துட்டேன்."

பின் சீட்டுக்காரர்

அன்று பின்னேரம் பரீனா. கண்டிப் பக்கத்து முஸ்லிம் பெண். கணவர் நசீருக்கு இங்கே ஹலால் இறைச்சிக் கடை. மனைவி பழகுகிற நேரம் கடையை விட்டுவிட்டு வந்து பின் சீட்டில் ஏறிவிடுவார். "இடது பாரு, இடது பாரு. மெதுவா. ஏன் இவ்வளவு மெதுவா?" இப்படியே மணித்தியாலம் போகும். பரீனாவின் விரல்கள் ஸ்டியரிங்கில் வெளிறிப் போயிருக்கும்.

அன்று நசீரின் கையில் போன், போனில் சிவப்பும் நீலமுமாக ஒரு வரைபடம். "ஒரு மாநிலத்துல ஒரு வாக்கு கூட எடுத்தாலும் போதும், அந்த மாநிலத்துட தேர்வாளர் எல்லாரும் அவருக்குத்தான். ரெண்டு சின்ன மாநிலம் மட்டும்தான் பிரிச்சுக் குடுக்கும். பரீனா, பிரேக்!" பரீனா மெல்லக் கேட்டாள்: "அப்ப மற்றவருக்குப் போட்ட சனத்துட வாக்கு?" "அதெல்லாம் அந்த மாநிலத்தோட முடிஞ்சுது. பிரேக் எண்டேனே!"

வீதியில் ஒரு பூனைகூட இல்லை. நான் காரை ஓரங்கட்டச் சொல்லி, பின்னால் திரும்பி, "நசீர், கொஞ்ச நேரம் இறங்கி நில்லுங்கோ" என்றேன். மனுஷன் நம்பாமல் என்னைப் பார்த்தார். பிறகு இறங்கி, நடைபாதையில் போனும் கையுமாக நின்றுவிட்டார். அடுத்த ரவுண்டபவுட்டை பரீனா சுற்றிய அழகை நான் மறக்க மாட்டேன். தோள் இறங்கியது, கை தளர்ந்தது, கார் வழுக்கிக்கொண்டு போனது. திரும்பி வந்தபோது நசீர் அதே இடத்தில் போனைப் பார்த்தபடி நின்றார். பரீனா வேகத்தைக் குறைக்கவில்லை. "டீச்சர், இன்னொரு சுத்து போவமா? அவர் எண்ணி முடிக்கட்டும்."

வில்லாவுட்டிலிருந்து ஒரு அழைப்பு

வியாழக்கிழமை சுதர்சன். கிளிநொச்சி ஆள், வெயர்ஹவுஸ் வேலை, அடுத்த நாள் டெஸ்ட். நன்றாக ஓட்டுகிறவர் அன்று கியரைப் போட்டுவிட்டு எங்கே போவது என்று மறந்துபோய் இருந்தார். காரணம் எனக்குத் தெரியும். அவருடைய தம்பி நிமலன் பிந்தி வந்த அகதிப் படகில் வந்தவன். அப்படி வந்தவர்களை உள்ளே விடாமல் அனுப்பிய தீவு முகாமில் வருஷக்கணக்காக இருந்து, வருத்தம் முற்றி, சிகிச்சைக்கென்று இங்கே கொண்டுவரப்பட்டு, வில்லாவுட் தடுப்பு முகாமில் கிடந்தான். இப்படிப்பட்டவர்களில் சிலரை அமெரிக்கா எடுத்துக்கொள்வதாக ஒரு ஏற்பாடு. நேர்காணல் முடிந்திருந்தது, விமானம் மட்டும் வரவில்லை. கொரோனாவால் அந்த வருஷம் பார்க்கப் போகவும் விடவில்லை.

போன் அடித்தது. சுதர்சன் ஒழுங்காக சிக்னல் போட்டு, ஓரங்கட்டி, நிறுத்திவிட்டுத்தான் ஸ்பீக்கரில் போட்டார். "அண்ணா, நெவாடா மாநிலத்தில இன்னும் எண்ணுறாங்கள். இங்க எல்லாரும் டிவிக்கு முன்னால. ஆர் வந்தா எங்கள ஏத்துவினம், ஆர் வந்தா மறிப்பினம் எண்டு ஆளுக்கொரு கதை" என்றான். பழக்குகிற அக்கா பக்கத்தில் என்று சுதர்சன் சொன்னதும், "அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. ஆர் வந்தாலும் எங்கட பேரை வெட்டமாட்டினம்தானே?" என்று கேட்டான்.

சுதர்சன் என் முகத்தையே பார்த்தார். 'ஓம்' என்று சொல் என்று அந்தக் கண் கெஞ்சியது. எனக்கும் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எனக்கு என்ன தெரியும்? "எனக்குத் தெரியாது தம்பி" என்றேன். டிவிச் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்து சொன்னான்: "தெரியாது எண்டு சொன்ன முதல் ஆள் நீங்கள்தான் அக்கா."

டெஸ்ட்

வெள்ளிக்கிழமை சுதர்சன் சிவந்த கண்ணோடு வந்தார். போனை என்னிடம் தந்துவிட்டுப் போகச் சொன்னேன். தந்தார், உடனே திருப்பி வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி தந்தார். கார் திரும்பி வரும்வரை நான் அந்த நடைபாதையில் நடந்தேன், என் கையில் அவருடைய போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

பெயில். டெஸ்ட் எடுத்த வெள்ளைக்காரப் பெண் நல்ல மாதிரி. இறங்கி என் பக்கம் வந்து, கோபமே இல்லாமல் ஆங்கிலத்தில் சொன்னார்: "நன்றாக ஓட்டுகிறார், ஆனால் வராத காருக்கெல்லாம் வழிவிட்டுக்கொண்டு நிற்கிறார்."

வான்களுக்குக் கைகாட்டியது

ஞாயிற்றுக்கிழமை கண் விழித்தபோது முடிவு வந்துவிட்டது. ஒருவர் இருநூற்று எழுபதைத் தாண்டியிருந்தார். "முடிஞ்சுது" என்று சுதர்சனுக்கு போன் எடுத்தேன். முடியவில்லையாம். டிசம்பரில் அந்தந்த மாநிலத் தேர்வாளர்கள் கூடித் தங்கள் வாக்கைப் போட வேண்டும், ஜனவரியில் காங்கிரஸ் என்கிற அவர்களுடைய நாடாளுமன்றம் அதை எண்ண வேண்டும். நிமலன் முகாமிலிருந்து இதையெல்லாம் விசாரித்து வைத்திருந்தான். ஜனவரியும் போனது, விமானம் வரவில்லை. அதற்குள் சுதர்சன் டெஸ்டில் பாஸாகிவிட்டார். அப்போதும் தம்பிக்கு அழைப்பில்லை.

ஒரு நாள் திடீரென்று, நிமலனுக்கு நாளைக்குப் பயணம் என்றார்கள். விமான நிலையத்தில் சந்திக்க முடியாது. சுதர்சன் கூட வரச் சொல்லிக் கேட்டதால் போனேன். அவர்தான் ஓட்டினார், நான் வெறும் பயணி. முகாம் வேலிக்கு வெளியே வீதியில் நின்றோம். கறுப்புக் கண்ணாடி போட்ட வான்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தம்பி எதில் என்று தெரியவில்லை. சுதர்சன் எல்லா வானுக்கும் கைகாட்டினார். சாப்பாடு கொண்டுவந்த வானுக்கும் காட்டினார்.

நிமலன் அமெரிக்காவிலிருந்து எனக்கு ஒருமுறை போன் எடுத்தான். கோழி வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை, நல்ல குளிர் என்றான். அங்கே அரசியல் எப்படி என்று கேட்டேன். சிரித்தான்: "நான் இருக்கிற மாநிலம் எப்பவும் ஒரே கட்சிக்குத்தானாம் அக்கா, அதால ஒருத்தரும் இங்க வாக்குக் கேட்டு வாறேல்லையாம். ஆனா என்ர அறையைப் பூட்டுற திறப்பு என்ர பொக்கற்றுக்க கிடக்கு."

இத்தனை பதைபதைப்புக்கும் பிறகு ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை: அந்தக் கிழமை என் காரில் ஏறிய ஒருவருக்குக்கூட அமெரிக்காவில் வாக்குக் கிடையாது.