சிரித்துக்கொண்டே சொன்ன தீனம்

குடலிறக்கத்தைத் தைத்துக்கொள்ளப் போன இடத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். எனக்கு நாற்பத்தாறு வயது. பாறசாலையில் ஒரு டுட்டோரியலில் கேரளத்தின் பிளஸ் டூவான பிரீடிகிரிக்காரர்களுக்கு விலங்கியல் எடுத்துக்கொண்டிருந்தேன். அதாவது, ஒருமுறை தோற்றவர்களை மறுபடியும் தோற்பதற்குத் தயார் செய்துகொண்டிருந்தேன். தவளையின் இதயத்தைக் கரும்பலகையில் வரைய எம்பி நின்றபோது அடிவயிற்றில் ஏதோ நழுவியது. நெய்யாற்றின்கரை டாக்டர் அழுத்திப் பார்த்தார். சின்ன ஆபரேஷன்தான், அதற்கு முன்னால் ரத்தம் பார்க்க வேண்டும் என்றார்.

பார்த்தார்கள். வெள்ளை அணுக்கள் கூடுதல். பதினோராயிரத்துக்குள் நிற்க வேண்டியது நாற்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. அதைக் கேட்டு எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை வந்தது என்றால் நம்பவேண்டும். வெள்ளை அணுக்கள் உடம்பின் பட்டாளம் என்று வருஷக்கணக்காகப் பாடம் நடத்தியவன் நான். நமக்கு மட்டும் ஒரு படைப்பிரிவு கூடுதலாகவே தந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர் என் முகத்தை விசித்திரமாகப் பார்த்தார்.

கிருமி ஏதாவது இருக்கும் என்று மாத்திரை தந்து, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். படை குறையவில்லை. இந்த முறை டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். டாக்டர்கள் உட்காரச் சொல்வது எனக்கு எப்போதும் பிடிக்காது.

"க்ரோனிக் லுக்கீமியாவாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். திருவனந்தபுரத்தில் எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதுவரை ஆபரேஷன் வேண்டாம்."

எங்கள் பாடப்புத்தகத்தில் லுக்கீமியாவுக்கு இரண்டு வரி உண்டு. பரீட்சைக்கு வராது, விட்டுவிடுங்கள் என்று அந்த இரண்டு வரியையும் வெட்டிவிடுவது என் வழக்கம்.

கொல்லயிலில் உள்ள வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மனைவி கிணற்றடியில் சாளை மீனுக்குச் செதிள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆபரேஷன் இப்பம் இல்லியாம்," என்றேன்.

"ஏன்?"

"எனக்க ரத்தத்தில கேன்சராக்கும்."

நிமிர்ந்து பார்த்தாள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. எனக்குச் சங்கடம் வந்தால் வாய் தானாகவே இளித்துக்கொள்ளும். அப்பாவின் அடக்கத்தன்று இதனால் சித்தப்பாவிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

"கத்தியக் கண்டா உங்களுக்குப் பேடி. அதுக்கு கேன்சரு வரைக்கும் போவணுமா? பல்லு பிடுங்கக் கூப்பிட்ட அண்ணைக்கும் ஹார்ட் அட்டாக்குன்னுல்லா சொன்னிய!"

பயமும் உண்மை, சொன்னதும் உண்மை. பல்லையும் மூன்று நாள் காப்பாற்றியிருந்தேன். அவள் மறுபடி மீனுக்குக் குனிந்தாள். சரி, நம் கடமைக்குச் சொல்லியாயிற்று, இனி முடிவு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றினேன். மிகவும் லேசாக இருந்தது. அவளுக்கு வேலை கிடையாது, மகள் பத்தாம் வகுப்பு, வீட்டுக்குப் பாதிக் கூரைதான் கான்கிரீட் என்பதெல்லாம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் வரிசையாக வந்து நின்றன.

மஜ்ஜை எடுக்கத் துணைக்கு ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் பைஸ்டாண்டர். பைஸ்டாண்டர் இல்லாத நோயாளியை ஆஸ்பத்திரி மதிக்காது. பக்கத்து வீட்டு நண்பனைக் கூப்பிட்டேன். ஹாலோ பிரிக்ஸ் கல் அறுத்து விற்பவன். எங்கள் சர்ச் பாடகர் குழுவில் என்னோடு சேர்ந்து பேஸ், அதாவது அடிக்குரல், பாடுபவன்.

"இது வீட்டில தெரியப்பிடாது, கேட்டியா," என்றேன்.

"எலே மக்கா, எனக்க நெஞ்சு ஹாலோ பிரிக்ஸ் இல்ல, வெட்டுகல்லாக்கும். ஒண்ணும் வெளிய போவாது."

மனைவியிடம் பாடப்புத்தகம் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனோம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மரத்துப்போக ஒரு ஊசி போட்டு, பிறகு இடுப்பெலும்புக்குள் வேறொரு ஊசியைத் திருகித் திருகி இறக்கினார்கள். திருகும்போது வலிக்கவில்லை. உறிஞ்சும்போது கால் கட்டைவிரல் வரைக்கும் யாரோ உள்ளிருந்து கயிற்றை இழுத்த மாதிரி இருந்தது. நண்பன் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, என்னைவிட இறுக்கமாகக் கண்ணை மூடி பைபிள் சங்கீதம் சொல்லிக்கொண்டிருந்தான். பாதியில் அவனுக்குத் தலைசுற்றி, நர்ஸ் அவனை ஸ்டூலில் உட்கார வைக்க வேண்டியதாயிற்று.

முடிவுக்குப் பத்து நாளாகும் என்றார்கள். வகுப்பில் அந்த வாரம் ரத்தம் பாடம். பட்டாளக் கதையைச் சொல்லாமல் தாண்டிப் போனேன். போன வருஷத்துக் கதையைக் கேள்விப்பட்டிருந்த ஒரு பெண் விடவில்லை. "சாரே, பட்டாளம் எங்க?" என்றாள். "லீவில் போயிருக்கு," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். காலையில் முகம் மழிக்கும்போதெல்லாம் கழுத்தில் கழலை தட்டுப்படுகிறதா என்று விரலால் தேடினேன். தேடினால் எதுவும் தட்டுப்படும் என்பதையும் கண்டுபிடித்தேன்.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். ஆண்கள் ஒரு பாயில், பெண்கள் ஒரு பாயில். தோன்றியவர்கள் கண்ணை மூடி வாய்விட்டு ஜெபிக்கலாம். ஆண்டவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பதில் எங்களுக்கு உறுதியான விசுவாசம் உண்டு. ஆனாலும் காரியத்தை முதலிலிருந்து கடைசிவரை விவரமாகச் சொல்லித்தான் ஜெபிப்போம். பக்கத்துப் பாய்க்காரர்களுக்கும் தெரிய வேண்டுமல்லவா? யார் வீட்டு மருமகள் பிணங்கிப் போனாள், யார் மகனுக்கு விசா தட்டிப்போனது என்பதெல்லாம் ஆண்டவருக்கும் எங்களுக்கும் ஒரே நேரத்தில்தான் தெரியவரும்.

அந்த வெள்ளி என் நண்பன் முழங்காலிட்டான்.

"ஆண்டவரே, எனக்க பக்கத்து வீட்டில ஒரு சகோதரன் உண்டு. பேரு உமக்குத் தெரியும். பேஸ் பாடுகிறவர். டுட்டோரியலிலே ஜுவாலஜி எடுக்கிறவர். குடலெறக்கத்துக்குப் போனவருக்க ரத்தத்திலே கேன்சர் உண்டுமோண்ணு சந்தேகப்படுகிறார்களே, ஆண்டவரே! இடுப்பெலும்பிலே ஊசி குத்தினார்களே, நான் பக்கத்திலே நின்றேனே! செவ்வாய்க்கிழமை முடிவு வருகிறதே! அவருக்க பெண்சாதி அறியப்பிடாதுண்ணு சொல்லியிருக்கிறார். அந்த ரகசியத்தையும் காத்தருளும், ஸ்வாமி!"

நான் ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். கூட்டத்தில் எல்லாக் கண்களும் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. பெண்கள் பாயில் என் மனைவி ஒருத்தி மட்டும் கண்ணைத் திறக்கவில்லை. ஜெபம் முடிந்து பழம்பொரியும் சாயாவும் வந்தன. யாரோ எனக்கு மட்டும் இரண்டு பழம்பொரி வைத்தார்கள்.

வரப்பில் வீட்டுக்கு நடக்கும்போது அவள் முன்னால் போனாள்.

"எந்த எலும்பில?"

நின்று தொட்டுக் காட்டினேன்.

"நெசமாட்டா?"

"நெசமாட்டாக்கும்."

"அப்பம் கிணத்தடியில சொன்னதும் நெசமா?"

"அதும் நெசம்தான். நான்தான் சொன்னேனே பிள்ளே."

"பல்ல இளிச்சோண்டு சொன்னா எவ நம்புவா?" கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பினாள். "ஊசி குத்தும்பம் கூட நிக்க ஹாலோ பிரிக்ஸ்காரரா கிட்டினாரு உங்களுக்கு? நான் செத்தா போனேன்?"

நண்பனைப் பிடித்துக் கேட்டபோது அவனுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

"நான் பேரு சொன்னேனா?"

"பேரத் தவிர என்ன பாக்கி வச்சே?"

"எலே, ஆண்டவருகிட்ட ஆளு மாறிப்போவப்பிடாதுல்லா. நம்ம சபையில பேஸ் பாடுதவனுவ நாலு பேரு உண்டு. சொகம் வேற எவனுக்காவது போச்சுன்னா?"

செவ்வாய்க்கிழமை மனைவிதான் பைஸ்டாண்டர். திருவனந்தபுரத்து டாக்டர் ஒரு பெண்மணி. அறிக்கையைப் படித்துவிட்டு, நாங்கள் எல்லைப்பக்கத்துக்காரர்கள் என்று கண்டு தமிழும் மலையாளமுமாக நிதானமாகச் சொன்னார். க்ரோனிக் லுக்கீமியாதான். லிம்போசைட் வகை. ஆரம்ப நிலை. மெதுவாகப் போகிற நோய், எங்கள் பேச்சில் தீனம். இப்போது மருந்து ஒன்றும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து ரத்தம் பார்க்க வேண்டும்.

"தீனம் உண்டு, மருந்து இல்லியா?" என்றாள் மனைவி.

"இப்போள் வேண்டா. முன்கூட்டிக் கொடுத்தால் கூடுதல் பலன் இல்லை."

"பத்தியம்?"

"ஒன்றுமில்லை."

"கஷாயம், தைலம் வல்லதும்?"

டாக்டர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. "எத்தன வருஷம் இருப்பாவ?" என்று கேட்டாள். நான் கேட்கக் கூச்சப்பட்டுப் பத்து நாளாக விழுங்கிக்கொண்டிருந்த கேள்வி. அரிசி விலை கேட்கிற மாதிரி கேட்டுவிட்டாள்.

"சிலருக்கு ரெண்டு மூன்று வருஷத்தில் மருந்து தொடங்க வேண்டி வரும். சிலர் இதோடு இருபது வருஷம் நடந்து, வேறே ஏதாவது காரணத்தால் போவார்கள். உங்கள் ஆள் எந்தக் கூட்டம் என்று இன்றைக்குச் சொல்ல முடியாது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. பாலராமபுரம் போயிற்று, நெய்யாற்றின்கரை போயிற்று. ஜன்னல் பலகைத் தட்டியின் இடுக்கு வழியாகச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அமரவிளை பாலத்தில் அவள் திரும்பினாள்.

"என்ன, ஒண்ணும் சொல்லல்லியா?"

"என்னத்த?"

"வல்லதும் ஒரு தமாஷ். நீங்க சும்மா இருந்தா எனக்கு ஒருமாதிரி வருது."

தேடினேன். வகுப்பிலும் கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் கேட்காமலே தமாஷ் வந்து விழும் எனக்கு அப்போது ஒன்றும் அகப்படவில்லை.

"பேடி உண்டு பிள்ளே," என்றேன்.

அவள் என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பரிசோதனையில் இளிப்பு எதுவும் தட்டுப்படவில்லை.

"எனக்கும் உண்டு," என்றாள்.

உதியங்குளங்கரையில் இறங்கினோம். ஒரு குடைதான் இருந்தது. அவள் அதை விரித்துக்கொண்டே சொன்னாள்: "மவகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீங்க வாயத் தொறக்கப்பிடாது."