முதல் மடிப்பு

செல்வமும் நானும் ஓரிகாமி பைத்தியங்கள். விளாங்குடிச் சுவர்களில் ஒட்டி மிஞ்சிய போஸ்டர்களை வாங்கிவந்து, மடித்து மடித்துக் கொக்கும் தவளையும் செய்வோம். "வீட்டுல குப்பை சேக்குறான்" என்று அவன் அண்ணன் ஒருநாள் அத்தனையையும் கொளுத்திவிட்டார்.

செல்வம் மஞ்சள்காமாலையில் போய்விட்டான். காரியத்தன்று அண்ணன் அடித்திருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில், அவன் முகத்துக்கு மேலே 'காகிதக் கலைஞன்' என்று இருந்தது. மிஞ்சிய ஒன்றை அவர் என்னிடம் நீட்டினார்.

"போட்டோகிட்ட வைக்க ஒரு கொக்கு செஞ்சு குடு தம்பி."

"அம்புட்டையும் கொளுத்துனீங்களே அண்ணே?"

"அவன் செஞ்சது எங்கேன்னு வந்தவங்க கேக்குறாங்கப்பா."

செல்வத்துக்காக வாங்கினேன். முதல் மடிப்பு மூலைக்கு மூலை. அது அவன் சிரிப்பின் குறுக்கே விழும். கையை எடுத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் பஸ் டிக்கெட்டைக்கூட மடிக்காமல்தான் பையில் வைக்கிறேன்.