வண்டியை எடுக்க மறுத்த வசந்தா

வசந்தா போய்விட்டாள் என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து கொழுந்தனார் போன் செய்தபோது நான் நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். மாரடைப்பு. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். வசந்தா என் ஓரகத்தி, என் கணவருடைய தம்பியின் மனைவி. ஒரே அடுப்படியில் காலம் தள்ளியவர்கள் நாங்கள். எனக்கு அழுகை வருவதற்குள் கோபம் வந்துவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் வாய் கூசாமல் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "பாவம், பயந்த சுபாவம்."

அவளை அறிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பெயர் அவளுக்கு எப்படி வந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியாது.

எங்கள் வீட்டு வேன் ஊட்டிப் பக்கத்தில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. குளிர் ஊர் வண்டி என்பதால் அதில் ஹீட்டர் உண்டு. முத்துப்பேட்டை வெயிலில் ஹீட்டர்! பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள். சிரித்த கையோடு, ஹீட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களையும் மறந்துபோனார்கள். ஹீட்டரைப் போட்டாலும் போடாவிட்டாலும் அந்த வண்டியில் எஞ்சினின் கொதிநீர் அந்த ஹோஸ் வழியாக முன் சீட்டுக்கு அடியில் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். போதாக்குறைக்கு எங்கள் வீட்டு ஆண்கள் ரேடியேட்டரில் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஊற்றாமல், உப்புக் கரிக்கும் போர் தண்ணீரை ஊற்றுவார்கள். கேட்டால், எல்லாம் தண்ணிதானே என்பார்கள்.

வண்டியை ஓட்டுகிறவள் வசந்தா. எஞ்சின் ஆறிக் கிடக்கும் காலை நேரத்தில் சீட்டைத் தூக்கி, ஹோஸ்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பாள். கிளாம்பு போட்டு இறுக்கிய இடத்தில்தான் முதலில் போகும் என்பாள். மாட்டுக்கு மடி பார்க்கிறாயா என்று கொழுந்தனார் கேலி செய்வார். அவள் கையைத் துடைத்துக்கொள்வாள்.

என் மகள் சுதாவுக்கு வேதாரண்யத்தில், அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு. முதல் நாள் சாயங்காலமே போய்விட்டோம். காலையில் வளையல் அடுக்கியதும், ராகுகாலத்துக்கு முன்னால் சுதாவை எங்கள் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். தாய்வீட்டு வண்டியில்தான் போக வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். எல்லாரும் வாசலுக்கு வந்தாயிற்று. வசந்தா சீட்டைத் தூக்கியவள் நிமிரவில்லை. ஹோஸ் ஒரு பக்கம் உப்பி, ஊறிய அப்பளம்போல் கிடந்தது. கிளாம்பைச் சுற்றி ஈரம்.

என் கணவர் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டி ஓட்டச் சொன்னார். கொழுந்தனார் சாவியைக் கேட்டார். சம்பந்தி அம்மாள் நேரம் போகிறது என்று கையைப் பிசைந்தாள். வசந்தா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னாள்:

"இது வெடிச்சா கொதிக்கிற தண்ணி அவ கால்லதான் கொட்டும். புள்ளத்தாச்சிய இதுல ஏத்த மாட்டேன். நீங்க என்ன வேணாலும் சொல்லிக்கங்க."

சொன்னார்கள். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னார்கள். நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன், என்னையும் சேர்த்துத் திட்டினார்கள். கடைசியில் வரவழைத்த மெக்கானிக் நாகப்பட்டினம் போய்ப் புது ஹோஸ் வாங்கி வந்தார். பழையதை இழுத்தால் உள்ளே இருக்கும் பைப் உடையும் என்று கத்தியால் கீறி எடுத்தார். லேசாக மடக்கியதும் அது கையிலேயே பிளந்துகொண்டது. எல்லாரும் பார்த்தார்கள். புது ஹோஸ் மாட்டி, கூலன்ட் ஊற்றி, உள்ளே நிற்கும் காற்று போக ஹீட்டரை முழுசாக வைத்து எஞ்சினை ஓடவிட வேண்டியிருந்தது. அந்த உச்சி வெயிலில், அனல் அடிக்கும் வண்டிக்குள் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். பிறகு நாங்கள் கிளம்பும்போது எமகண்டம்.

குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. அவ்வளவுதான், பழி வசந்தா தலையில் விழுந்தது. டாக்டர் சொன்ன காரணம் யார் காதிலும் ஏறவில்லை. எமகண்டத்தில் கிளப்பியவள் அவள்தானே! தொட்டிலில் போடும் அன்று குழந்தையைக் கைமாற்றி வாங்கிய பெண்கள் வரிசையில் அவளைத் தாண்டிப் போனார்கள். வாங்குவதற்கு நீட்டிய கையை அவள் மெதுவாக முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அன்றே குழந்தையைத் தூக்கி அவள் மடியில் போட்டேன். சம்பந்தி அம்மாள் எழுந்து போய்விட்டாள், போகட்டும்.

வண்டி வழியில் வெடித்திருந்தால், அத்தனை பேரும் வசந்தா அப்போதே சொன்னாளே என்று மார்பில் அடித்துக்கொண்டிருப்பார்கள். வெடிக்காமல் பார்த்துக்கொண்டாள். அதனால் பயந்தாங்கொள்ளி ஆனாள். இது என்ன நியாயம்? அவளிடமே ஒரு தடவை கேட்டேன். "வுடுங்கக்கா, அவன் நல்லா ஓடுறான் பாருங்க" என்று வாசலில் பந்து விரட்டிக்கொண்டிருந்த என் பேரனைக் காட்டினாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சம்பந்தி அம்மாளும் வந்திருந்தாள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, கூடத்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, நல்லவள்தான், ஆனால் பயந்த சுபாவம் என்றாள். நான் அவளுக்கு வெற்றிலைத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தேன். தட்டைக் கீழே வைத்தேன்.

"ஆமாங்க, பயந்தவதான். உங்க பேரனுக்காகப் பயந்தா. அன்னைக்கு நீங்க எதுக்குப் பயந்தீங்கன்னு சொல்லுங்க, கேப்போம்."

கொழுந்தனார் முதல்முறையாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

வசந்தாவின் நகையும் புடவைகளும் யார் யாருக்கோ போகின்றன. எனக்கு அவை வேண்டாம். அவளுடைய அந்தப் பயத்தை நான் எடுத்துக்கொண்டேன்.