கட் ஆஃப் என்றால் வெட்டி எறிவது

“…நீயும் சிரிச்சிக்கினே வந்து சொல்றியே, உனுக்கு மனசே இல்லையாடா? ரெண்டு வருசமா கண்ணு முழிச்சி படிச்ச புள்ளய கட் ஆஃப்ல தள்ளிட்டானுங்க, அதுக்கு ஸ்வீட்டு வேறயா?”

என் அக்கா இதைச் சொன்னது, ஆம்பூரில் அவள் வேலை செய்யும் ஷூ கம்பெனியின் கேட்டுக்கு வெளியே, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். என் கையில் மைசூர்பாகு டப்பா. நான் சொன்னதோ ஒரே வரி: “அக்கா, நம்ம பொண்ணுதான் கட் ஆஃப்.” அவள் முகம் தொங்கிப்போனதைப் பார்த்ததும் எங்கேயோ ஒரு நட்டு கழன்றிருக்கிறது என்று புரிந்துவிட்டது. கம்பெனி கம்பெனியாகப் போய்த் தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன் நான். கழன்ற நட்டைத் தேடுவதுதான் பிழைப்பு. தேடிப் பார்த்தால், இது கழன்று ஒரு வருடம் ஆகியிருந்தது.

அக்காவுக்குக் கட்டிங் செக்‌ஷனில் வேலை. தோலை மேஜைமேல் விரித்து, ஓட்டை, கீறல், உண்ணி கடித்த தழும்பு எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் சில்வர் பேனாவால் வட்டம் போட வேண்டும். அடுத்த மேஜைக்காரர் அந்த வட்டத்தை ஒதுக்கிவிட்டு மற்றதை வெட்டுவார். வட்டத்துக்குள் இருப்பது கட் ஆஃப். சாக்கில் விழும், சாயங்காலம் குப்பை வண்டியில் ஏறும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அக்காவுக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் அதுதான்.

அந்த அக்காவின் மகள், அரசுப் பள்ளியில் படித்தவள், டாக்டருக்குப் படிக்க நீட் எழுதினாள். முதல் தடவை கிடைக்கவில்லை. இது இரண்டாவது தடவை. அவ்வளவுதான், எங்கள் தெருவில் இருந்த எல்லோருக்கும் ஒரே ராத்திரியில் மருத்துவக் கல்விப் புலமை வந்துவிட்டது. டீக்கடையில் வடை புரட்டுகிறவர், பொதுப் பிரிவுக்கு எவ்வளவு, பின்தங்கிய வகுப்புக்கு எவ்வளவு, அரசுப் பள்ளி ஒதுக்கீட்டுக்கு எவ்வளவு என்று கரண்டியை நீட்டி நீட்டி வகுப்பெடுத்தார். யூடியூபில் ஒரு தம்பி ‘எதிர்பார்க்கப்படும் கட் ஆஃப்’ என்று காலையில் ஒன்று சொல்வான், சாயங்காலம் வேறு சட்டை போட்டுக்கொண்டு வேறொன்று சொல்வான். எங்கள் சித்தப்பா ஒருவர், வேலூரில் பஸ் பாகாயத்தைத் தாண்டும்போதெல்லாம் மெடிக்கல் காலேஜ் காம்பவுண்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். உள்ளே இருக்கிறவர்களுக்கு இது தெரிந்தால் ஒரு உண்டியல் வைத்திருப்பார்கள்.

இதில் ஒரு மார்க்கில் போனவர்கள் தனி ஜாதி. ஆம்பூரில் பிரியாணிக் கடை எத்தனையோ அத்தனை பேர் ஒரு மார்க்கில் டாக்டர் ஆகாமல் போயிருக்கிறார்கள். இரண்டு மார்க்கில் போனவரை நான் இன்னும் சந்தித்ததில்லை. அக்கா கம்பெனியில் ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கொள்கிற பாய் அந்த வகையில் பெரியவர். அவர் மகனும் ஒரு மார்க்கில்தான் போனான். அது எந்த வருஷத்துப் பரீட்சை, எத்தனைக்கு எத்தனை என்று கேட்டால் மட்டும் மனிதருக்கு அவசரமாக எண்ணெய் டின் எடுத்து வைக்கிற வேலை வந்துவிடும். நல்ல மனுஷன். தினமும் அக்காவைப் பார்த்து ஒரே கேள்வி கேட்பார்: “இன்னாம்மா, கட் ஆஃப் எவ்ளோ வரும்னு சொல்றாங்கோ?”

அக்கா சொல்கிற பதிலும் ஒன்றுதான்: “கம்மியா வரணும்னு வேண்டிக்கிறேன் பாய்.”

ஊரில் பிள்ளை பெற்ற எல்லோரும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் அக்கா வேண்டியது வேறு என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தப்பாக எழுதினால் மார்க்கை வெட்டுவார்கள் என்று மகள் ஒரு நாள் சொல்லியிருக்கிறாள். அக்கா மனதுக்குள் முடிவு கட்டிவிட்டாள்: அப்படி வெட்டி எறிகிற மார்க்குதான் கட் ஆஃப். மகளின் பேப்பரில் வட்டம் கம்மியாக விழ வேண்டும், சாக்கு நிரம்பக்கூடாது. ஒரு வருடம் முழுக்க அவளும் ஊரும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு விஷயம் பேசியிருக்கிறார்கள். ஒரு இடத்தில்கூட இடிக்கவில்லை.

இடித்தது ரிசல்ட் வந்த பிறகு. மார்க் பரவாயில்லை, முன்பைவிட ஜாஸ்தி. ஆனால் பாய் வந்து, இந்த வருஷம் கட் ஆஃப் ஏறப்போகிறதாம், பேஜார்தான் என்று வருத்தமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்று சாயங்காலம் நான் போனபோது அக்கா சாமான்களை உடைக்காத குறையாகக் கழுவிக்கொண்டிருந்தாள். “மார்க்கு குடுத்தப்புறம் திரும்பவும் வெட்றானுங்களா? இது இன்னா நாயம்டா?” என்றாள். அரசாங்கத்தைத் திட்டுகிறாள் என்று நினைத்து நானும், ஆமாம் அக்கா, அவர்கள் எப்பவுமே அப்படித்தான் என்று தலையாட்டினேன். அரசியல் தெரிந்தவன் என்று எனக்கு ஊரில் ஒரு பேர் இருக்கிறது.

அக்காவுடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. இந்தத் தடவையும் இல்லையென்றால் மூன்றாவது தடவை கிடையாது என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். காலையில் பெண்களை ஏற்றிப்போக வருகிற கம்பெனி வேனில் மகளும் ஏற வேண்டியதுதான். தையல் செக்‌ஷனில் ஆள் எடுக்கிறார்கள் என்று அக்காவே கேட்டு வைத்திருந்தாள். வேன் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் அந்தப் பெண் புத்தகத்திலிருந்து ஒரு தடவை தலையைத் தூக்குவாள். அதைப் பார்க்காத மாதிரி அக்கா செருப்பைத் தேடுவாள். செருப்பு அவள் காலில்தான் இருக்கும்.

சீட் ஒதுக்கீடு வந்த அன்று அக்கா வேலைக்குப் போய்விட்டாள். உள்ளே போன் எடுத்துப்போகக் கூடாது. அதனால் அக்கா மகள் என்னைக் கூப்பிட்டாள். தெற்கே ஒரு அரசு மருத்துவக் கல்லூரி, ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினால் ஒரு ராத்திரிப் பயணம். அவளுக்குச் சீட் கிடைத்திருந்தது. அதோடு விட்டாளா? பட்டியல் முழுக்கத் தேடிப் பார்த்திருக்கிறாள். “மாமா, அந்தக் காலேஜ்ல எங்க பிரிவுல எனுக்குக் கீழ யாருமே இல்ல. நான்தான் கட் ஆஃப்” என்று சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு அம்மாவிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்றாள். நான் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போய், அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

இப்போது கேட்டில் நின்றுகொண்டு, டீக்கடைக்காரரிடம் கற்ற கல்வியையெல்லாம் திரட்டி அக்காவுக்கு விளக்கினேன். கட் ஆஃப் என்பது வெட்டி எறிந்தது இல்லை. கதவைச் சாத்துவதற்கு முன்னால் கடைசியாக உள்ளே போனவர் வாங்கிய மார்க். அக்கா என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். நான் விளக்கி இதுவரை உருப்பட்ட விஷயம் எதுவும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது.

“கடைசியா போனவ நம்ம பொண்ணா?”

“ஆமாக்கா.”

“கடைசின்னாலும் உள்ளதான?”

“உள்ளதான்.”

“அப்போ வேன்ல ஏற வேணாம்.”

“ரயில்லதான் ஏறணும்.”

பெல் அடித்தது. கேட்டுக்கு உள்ளே ஸ்டோர் பாய், எண்ணெய் டின்னோடு, எங்கள் பக்கமே பார்த்தபடி நின்றிருந்தார். இன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்வியை அவர் இன்னும் கேட்கவில்லை.

“நம்ம பொண்ணு மார்க்கு எவ்ளோடா? சரியா சொல்லு,” என்றாள் அக்கா.

சொன்னேன். மேலே போட்டிருந்த கம்பெனி கோட்டின் பையிலிருந்து சில்வர் பேனாவை எடுத்து, இடது உள்ளங்கையில் அதைப் பெரிதாக எழுதினாள். பழக்க தோஷத்தில் அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டுவிட்டு, மை காயட்டும் என்று கையை விரித்துப் பிடித்தபடி நேராகப் பாயை நோக்கி நடந்தாள்.