ஒன்றரை முழ வேலி

மனிதருக்கு ஏன் வயதாகிறது என்று தாதியர் கல்லூரியில் ஒரு தவணை முழுக்க எங்களுக்குப் படிப்பித்தார்கள். உடம்பு வண்டிச் சில்லைப் போலத் தேய்கிறது என்பது ஒரு கோட்பாடு. முதியவர் உலகத்திலிருந்து மெல்ல விலகுகிறார், உலகமும் அவரிடமிருந்து விலகுகிறது, இரண்டு தரப்புக்கும் அதில் திருப்தி என்பது இன்னொன்று. அதெல்லாம் இல்லை, ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இருந்தால் நன்றாக இருப்பார் என்று அதை மறுத்து வேறொன்று. முன்பு எப்படி வாழ்ந்தாரோ அதைத் தொடர விட வேண்டும் என்ற கோட்பாட்டுக்கு வந்தபோது தவணை முடிந்துவிட்டது. அதை அவசரமாக வாசித்துவிட்டு விட்டார்கள். சோதனையிலும் அது வரவில்லை.

யுத்த காலத்தில் கல்பிட்டிப் பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்கு முதல் நியமனம் கிடைத்தது. நான் உடப்பு என்ற இந்துக் கிராமத்துக்காரி. நோயாளர் வாட்டில் பாதிப் பேர் வடக்கிலிருந்து புலிகளால் விரட்டப்பட்டு, வள்ளங்களில் வந்து இறங்கி, தென்னோலைக் கிடுகுக் கொட்டில்களில் முகாம் முகாமாக இருந்த முஸ்லிம் சனங்கள்.

அவர்களில் ஒரு முதியவர் நியூமோனியாவோடு குறிஞ்சிப்பிட்டி முகாமிலிருந்து வந்தார். காய்ச்சல் மாறியது. சளி மாறியது. ஆனால் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் படுத்தவர்தான். சாப்பாடு இல்லை, கதை இல்லை. வயதுதானே என்று டொக்டர் சேலைன் எழுதிவிட்டுப் போனார். மகள் தினமும் மத்தியானம் கஞ்சி கொண்டு வருவாள், அதே கஞ்சியைத் திருப்பிக் கொண்டு போவாள்.

"ஊருல இருந்து நான் கொண்டு வந்தது வாப்பாவ மட்டும்தான் மிஸி," என்றாள் ஒருநாள். "வேற ஒண்டும் எடுக்க விடல்ல."

அதைக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. படித்ததைப் பயன்படுத்துவது என்று முடிவு செய்தேன். முதலில் விலகல் கோட்பாடு. அவரை அவர் பாட்டில் விட்டேன். எங்கள் தரப்புக்குத் திருப்தியாகத்தான் இருந்தது, அவர்தான் மெலிந்துகொண்டு போனார். அடுத்தது செயற்பாட்டுக் கோட்பாடு. காயத்துக்குக் கட்டும் துணிகளை மடிக்கக் கொடுத்தேன். ஒன்றை மடித்து அதில் மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

மிஞ்சியது சோதனையில் வராத கோட்பாடு. ஊரில் வாப்பா பொழுது முழுக்க என்ன செய்வார் என்று மகளிடம் கேட்டேன்.

"கடை வச்சிருந்தாரு."

"வேற?"

"பள்ளிக்குத் தொழப் போவாரு."

"வேற?"

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "பக்கத்து வளவுக்காரரோட சண்டை பிடிப்பாரு, மிஸி. அதுக்குத்தான் கூட நேரம் போறது."

சண்டை வேலிக்கு. வேலியைப் புதிதாக அடைக்கும்போதெல்லாம் பக்கத்து வளவுக்காரர் பூவரசங் கதியால்களை, அந்த வேலிக் கம்புகளை, ஒன்றரை முழம் இந்தப் பக்கம் நகர்த்தி நட்டுவிட்டார் என்பது வழக்கு. அந்த ஒன்றரை முழத்துக்குள் ஒரு முருங்கையும் நின்றது. முருங்கைக்காய் யாருக்கு என்பது கிளை வழக்கு. ஆண்கள் கோடு கச்சேரி என்று வழக்குக்கு அலைந்த காலமெல்லாம் பெண்கள் அதே வேலியின் பொட்டு ஓட்டை வழியாக மீன் கறி மாற்றிக்கொண்டிருந்தார்களாம். கடைசியில் இரண்டு குடும்பமும் ஒரே வள்ளத்தில்தான் வந்திருக்கிறது. முகாம் பிரித்தபோது பக்கத்து வளவுக்காரர் எத்தாளை என்ற ஊருக்குப் போய்விட்டார். வேலியும் இல்லை, பேச்சும் இல்லை.

ஓய்வு நாளில் எத்தாளைக்கு பஸ் ஏறினேன். சோதனைச் சாவடியில் எங்கே போகிறாய் என்று ஆமிக்காரன் சிங்களத்தில் கேட்டான். வேலிச் சண்டைக்கு ஆள் பிடிக்கப் போகிறேன் என்று சொல்ல முடியாது. சொந்தக்காரர் வீட்டுக்கு என்றேன்.

பக்கத்து வளவுக்காரர் யாருடையதோ வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குக் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் எதிர்பார்த்த பயில்வான் இல்லை, ஒல்லியான மனிதர். ஆள் சாப்பிடாமல் கிடக்கிறார், டொக்டரும் கைவிட்டமாதிரித்தான், ஒருக்கால் வந்து கதையுங்கள் என்றேன். மறுபேச்சில்லாமல் கையைக் கழுவி, தொப்பியைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். எனக்கு என் கெட்டித்தனத்தில் பெருமையாக இருந்தது.

வாட்டுக்குள் வந்து சலாம் சொல்லி, நோயாளியின் கையைப் பிடித்தார்.

"மச்சான், அந்த ஒண்டரை முழம் உன்டதான். கதியால நகட்டினது நான்தான். எனக்குப் பொறுத்துக்கொள்." சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன்.

நோயாளி அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையை உருவிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். பின்னேரம் தண்ணீரையும் தள்ளிவிட்டார்.

அடுத்த நாள் மகள்தான் எனக்கு விளங்கப்படுத்தினாள். "எங்கட ஆக்கள் மவுத்தாகப் போறவர்ட்டத்தான் இப்பிடி ஓடி வந்து பொறுக்கச் சொல்லிக் கேக்கிற, மிஸி. வாப்பா தன்ட நேரம் வந்திட்டெண்டு நினைச்சிட்டாரு."

எனக்கு அது தெரியாது. எங்கள் ஊரில் வேலிச் சண்டைக்காரர்கள் செத்த வீட்டுக்கு வந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நிற்பார்கள்.

மறுபடியும் எத்தாளை பஸ். சொந்தக்காரர்களில் உனக்கு நல்ல பாசம் என்றான் ஆமிக்காரன். ஓம் என்றேன்.

சொன்னதைத் திருப்பி எடுக்க வேண்டும் என்றதும் பக்கத்து வளவுக்காரர் வரம்பில் உட்கார்ந்துவிட்டார். "ஏலாது மகள். அது அவன்ட ஹக்கு, அவன்ட உரிமை. அடுத்தவன்ட உரிமையோட நான் எப்பிடி மண்ணுக்குள்ள போறது? எத்தின வருசத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் நிம்மதியா நித்திரை கொண்டன்."

கையிலிருந்த களையை மண் தட்டிக் குவியலில் போட்டார். பிறகு கேட்டார்: "நான் அப்பிடிச் சொன்னா அவன் தின்பானா?"

"தெரியாது," என்றேன். அது உண்மை.

எழும்பித் தொப்பியைத் தேடினார்.

இந்த முறை வாட்டு வாசலிலேயே தொடங்கிவிட்டார். "இஞ்ச பாரு. அண்டைக்கு அழுதிட்டுச் சொன்னத ஒண்டும் கணக்கெடுக்காத. வடிவா யோசிச்சுப் பாத்தன். ஒண்டரை முழம் என்டதான். முருங்கையும் என்டதான்."

கட்டிலில் அசைவில்லை. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒரு தோள் அசைந்தது. மெல்ல, மூச்சு வாங்க, ஆள் இந்தப் பக்கம் திரும்பியது.

"கள்ளன்," என்றார்.

படுத்துக்கொண்டு சண்டை பிடிக்க முடியாது என்பதால் தன்னை நிமிர்த்தி உட்கார வைக்கச் சொன்னார். தொண்டை வறண்டபோது கஞ்சி கேட்டார். பார்வையாளர் நேரம் முடிந்தும் வழக்கு முடியவில்லை. வாட்டு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. அந்த வேலிக்குக் கிட்டவும் இப்போது யாரும் போக முடியாது என்பதை எந்தக் கட்சியும் சொல்லவில்லை. மருந்து நன்றாக வேலை செய்திருக்கிறது என்று டொக்டர் எழுதினார்.

முகாமுக்குத் திரும்பிய நோயாளி அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்ததும் பஸ் ஏறி எத்தாளைக்குச் சண்டைக்குப் போய் வந்தார். சில வருடங்கள் அப்படிப் போயின. யுத்தமும் முடியவில்லை, வழக்கும் முடியவில்லை. பிறகு எத்தாளைக்காரர் ஒரு காலையில் தோட்டத்தில் விழுந்து மவுத்தாகிவிட்டார்.

செய்தி கேட்டு நானும் போனேன். அந்த வேலியில் எனக்கும் பங்கு இருந்தது. பெண்களோடு கிடுகு மறைப்புக்குப் பின்னால் நின்றேன். உடலைத் தூக்குமுன் இறந்தவரின் மகன் வாசலில் நின்று, வாப்பா யாருக்காவது கடன், ஹக்கு வைத்திருந்தால் சொல்லுங்கள், தீர்க்கிறோம் என்று வழமைப்படி கேட்டார். எல்லோரும் ஒருவரையே பார்த்தார்கள்.

என் பழைய நோயாளி கைப்பொல்லை ஊன்றி எழும்பினார். "ஒண்டும் இல்ல. வேலி அவன் போட்ட இடத்திலதான் சரி. நான்தான் பிழையா அளந்தன்."

இறந்தவர் வாட்டில் அழுதது என் கண்ணுக்குள்ளேயே நின்றது.

அடக்கிவிட்டு ஆண்கள் திரும்பி வந்தார்கள். அவர் வெளியே வாங்குப் பலகையில் தனியாக உட்கார்ந்திருந்தார். யாரோ கையில் வைத்த பிளேன்ரீ ஆறிக் கிடந்தது. காலையிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லை, வாசலில் அதைச் சொன்ன பிறகு ஒருவரோடும் கதைக்கவில்லை என்று அவருடைய மகள் வந்து சொன்னாள். அவள் முகத்தில் அந்தப் பழைய கஞ்சி நாட்கள் இருந்தன. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீங்க சொன்னது சரிதான் வாப்பா," என்றேன். "எனக்கும் எப்பவும் அப்பிடித்தான் பட்டது. முருங்கையும் அவர்டதான்."

நிலத்தைப் பார்த்திருந்த தலை மெதுவாகத் திரும்பியது.

"முருங்கையப் பத்தி நான் வாய் திறக்கல்லையே."

"வேலி அவர்ட எண்டா முருங்கை ஆர்ட?"

"நீங்க எங்கட ஊரைக் கண்டிருக்கீங்களா, மிஸி?"

"இல்ல."

"அப்ப என்ன கதை கதைக்கிறீங்க?" என்றவர், வாயை நனைத்துக்கொள்ள அந்த ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார்.