தேசம்மா கையெழுத்துப் போடாத துளசி

தேசம்மா செத்துப்போன சேதி குடுபல்லியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது வந்தது. ரேணிகுண்டாவில் இருக்கிற என் மகள் போனில் சொன்னாள். நெஞ்சுவலியாம், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டதாம். பக்கத்தில் நின்ற ஒருத்தி, "யாரு, நம்ம எலைய மண்ணுல பொதைக்க வச்சாளே, அந்தம்மாவா?" என்றாள். அவளுக்கும் நம் ஊர்க்காரர்கள் உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவள் இல்லை. ஆனால் எதையும் மறந்தவளும் இல்லை.

நம் ஆண்பிள்ளைகள் பெங்களூருக்கு ரயிலேறிப் போன காலம் அது. வேர்க்கடலை போட்ட நிலத்தில் நாம் பெண்கள் துளசி போட்டோம். ரேணிகுண்டா கம்பெனி அதைத் துளசி டீயாக்கி வெளிநாட்டுக்கு அனுப்பியது. நகரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துப் பெண் தேசம்மா, அந்தக் கம்பெனி லேபில் கெமிஸ்ட். நம் ஊர் இலை முழுவதையும் விஷம் என்று நிறுத்திவிட்டாள். நான் அந்த லேபுக்கே சண்டைக்குப் போனேன். போனதற்கு இன்றைக்கும் வெட்கப்படவில்லை. மருந்தே அடிக்காத நிலத்தில் விஷம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

அவள் கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். இலையை அரைத்து ஊறவைத்து, வடித்த தண்ணீரை மெஷினில் விட்டால் அது காட்டிக்கொடுக்குமாம். "மருந்து இல்லக்கா, செடியே செஞ்சிக்கிற விஷம். துளசியில இல்ல. கூட வேற எதுவோ வந்துக்கினு இருக்குது" என்றாள். ஒருநாள் குடித்தால் ஒன்றும் தெரியாதாம், தினமும் குடித்தால் ஈரலைக் கெடுக்குமாம்.

அந்நேரம் மானேஜர் வந்தார். என்னை ஒரு ஆளாகவே மதிக்காமல் என் எதிரிலேயே பேசினார். வெளிநாட்டுக்காரன் வாங்காவிட்டால் போகட்டும், திருப்பதிக் கடைகளுக்குத் தள்ளிவிடலாம், இங்கே எவன் டெஸ்ட் கேட்கிறான், கையெழுத்துப் போடு என்றார். 'மனகெந்துக்கம்மா' என்று தெலுங்கில் சிரிப்பு வேறு, நமக்கெதுக்கு இந்த வம்பு என்று.

தேசம்மா பேனாவை மூடினாள். "அவங்களுக்கு ஒரு ஈரல், நம்ம ஜனங்களுக்கு வேற ஈரலா சார்?"

கையெழுத்துப் போடவில்லை. இலையைக் குழிவெட்டிப் புதைக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். கொஞ்ச நாளில் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவள் சம்பளத்தில்தான் அவள் வீடே நடந்தது.

வேலை போன பிறகு, யாரும் கூப்பிடாமலே பஸ்ஸேறி நம் ஊருக்கு வந்தாள். அன்று அவளுக்குக் குடிக்கத் தண்ணீர்கூடத் தராதவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும். என் நிலத்தில் இறங்கி, துளசிக்கு நடுவே நின்ற தேள்கொடுக்குச் செடியைப் பிடுங்கி, விஷம் இதுதான் என்று காட்டினாள். தேள் கொட்டினால் அந்த இலையைத்தானே கசக்கி வைப்போம்! அதனால் களை எடுக்கும்போது அதை மட்டும் விட்டுவிடுவோம். அரிவாள் போடும்போது துளசியோடு அதுவும் கட்டுக்குள் வந்துவிடும். "தேளுக்கு வேணும்னா வேலியோரம் நாலு வச்சிக்கங்க. துளசிக்குள்ள வேணாம்" என்றாள்.

வேலைதான் போச்சே, உனக்கெதுக்கு இந்த அலைச்சல் என்று கேட்டேன். "மெஷின்தான் அவங்களுது அக்கா. கண்ணு என்னுது" என்றாள்.

அடுத்த அறுவடை டெஸ்டில் தேறியது. பெயர் வாங்கிக்கொண்டவர் மானேஜர். அதே மனிதர்தான் நேற்று அவள் படத்துக்கு மாலை போட்டு, கம்பெனிக்குக் கிடைத்த வைரம் என்றார். நீங்களெல்லாம் தலையாட்டினீர்கள். வைரத்தை எதற்கு வாசலுக்கு வெளியே எறிந்தீர்கள் என்று நான் அவரைக் கேட்டேன். துக்க வீட்டில் இப்படியா பேசுவது என்று என் கையைப் பிடித்து இழுத்தீர்கள். வேறு எங்கே பேசுவது?

வெளிநாட்டுக்குப் போகிற மூட்டைக்கு இப்போதும் டெஸ்ட் சீட்டு வருகிறது. திருப்பதிக் கடைக்குப் போகிற மூட்டைக்கு எங்கே சீட்டு என்று லாரி வரும்போதெல்லாம் கேட்கிறேன். காட்டும்வரை என் மூட்டையை ஏற்ற விடமாட்டேன். கிழவிக்கு வேறு வேலையில்லை என்கிறார்கள். ஆமாம், இல்லை. அந்த ஈரல் கேள்வியைத் தேசம்மா என்னிடம் விட்டுப்போயிருக்கிறாள். பதில் வரும்வரை கேட்பேன்.